சட்டம் கொடுத்தல்

டண்டினோங் மலையடிவாரத்திலே, த பேசினில் உள்ள எமது இல்லத்தில் பழைய ஒலிநாடா ஒன்று உண்டு. மட்டக்களப்பிலே கூத்து அண்ணாவியாராக விளங்கிய என் தந்தையார் பாடிய வடமோடிப் பாடல்கள் அதிற் பதிவாகியுள்ளன. ஊரில் ஆசிரியராகக் கடமையாற்றிய யான் அகதியாய்ப் புறப்பட்ட வேளை, சான்றிதழ்களோடு எடுத்துவந்த ஒரே முதுசொம் அதுவே.

இவ்வாண்டு விழா ஒத்திகையின்போது அதனைக் கேட்ட உயர்வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், இந்தக் குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்தால், எங்கள் பள்ளிக்கூட வாழ்த்தையும் உங்கள் அப்பாவே பாடுவார்" என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறைந்த தந்தையின் குரலைப் புதிதாய்க் கேட்க எந்த மகன்தான் விரும்பான்?

இஃது எம் வீட்டுக்கு மட்டும் உரிய வினாவன்று. 2024 இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படப் பாடலொன்றில், 1997 இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலும் 2022 இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் இவ்வாறே மீண்டும் ஒலித்தன. இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். அக்காலத்திலேயே, 'கீடா கோலா' என்னும் தெலுங்குப் படத்தில் தம் தந்தையார் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் தம்மைக் கேளாமலே உருவாக்கப்பட்டதென அவர்தம் மகன் சட்ட அறிவித்தல் அனுப்பினார். கருவி ஒன்றே, கேட்டதும் கேளாததுமே வேறுபாடு.

"மாணாக்கனும் பிறர் பாடக் கேட்டுத்தானே கற்கிறான்? இயந்திரம் கற்றால் மட்டும் குற்றமா?" என்பர் சிலர். எங்கள் ஊரில் கூத்துப் பழகத் தொடங்கும்போது, அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டெழுதிய ஏட்டை வழங்குவார். அதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். கொடுத்தவர் இன்னார், பெற்றவர் இன்னார் என்பதை ஊரே அறியும்.

அரசின் சட்டமும் அத்தகையதாய் இருத்தல் வேண்டும். இயந்திரங்களைப் பயிற்றுவிக்கக் கலைஞர்தம் ஆக்கங்களை அனுமதியின்றிப் பயன்படுத்த விலக்களிக்கலாமா என்ற வினா 2025 இல் அவுஸ்திரேலியாவில் எழுந்தது. அத்தகைய விலக்கு அளிக்கப்படமாட்டாதென அவ்வாண்டு ஒக்டோபரில் சட்டமா அதிபர் மிஷெல் ரோலண்ட் அறிவித்தார். பெரும் நிறுவனத்தோடு வழக்காட ஏழைக் கலைஞனால் இயலாது. அவன் சார்பில் அரசே நிற்றல் வேண்டும்.

என் தந்தையாரிடம் இனிக் கேட்க வழியில்லை. மகன் என்ற முறையில் அனுமதியளிக்க எனக்கு உரிமை இருக்கலாம்; ஆயினும் அவர் பாடாத பாட்டை அவர் பாடியதாகக் காட்ட மனம் ஒப்பவில்லை. மாணவனை அழைத்து, ஒலிநாடாவிலுள்ள பாடல் ஒன்றை என் கையால் எழுதி, வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன். இன்று மேடையில் அவன் தன் சொந்தக் குரலில் அதனைப் பாடுவான். அன்பர்கள் அமர்ந்திருந்து கேட்பீர்களாக.