மட்காட்டை வெட்டுறதா, நீட்டுறதா?

கண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தால், அது எவ்வளவு பெற்றோல் குடிக்குது என்று யாரும் கேட்கமாட்டார்கள். "மச்சான், பின் மட்காட்டை எப்ப வெட்டப் போறீங்க?" என்றுதான் கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். நாங்கள் என்றால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பக்கத்து வீட்டு நண்பனும். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு ஹொண்டா பென்லி சிடி 125. எங்களைவிட வயதில் மூத்தது. 'பென்லி' என்ற பெயர், ஜப்பான் மொழியில் வசதி என்று அர்த்தம் தருகிற 'பென்ரி'யிலிருந்து வந்தது. வசதியோ இல்லையோ, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். நடுவில் போன அந்த ஐந்து வருசத்தில், பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய பைக்கையெல்லாம் திருத்தித் திருத்தி ஓட்டப் பழகிவிட்டோம்.

எங்கள் பைக்கின் முன் மட்காட் பரவாயில்லை. பின்னதுதான் பிரச்சினை. வெளியில் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்குரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டினோம், பழைய பட்டி பொலபொலவென்று உதிர்ந்து விரல் நுழையிற அளவுக்கு ஓட்டை. தகரத்து மட்காட் இப்படித்தான், உள்ளேயிருந்துதான் சாகும். ஓரத்தில் தகட்டை மடித்திருக்கிறார்களே, அந்த மடிப்புக்குள் ஈரமண் தங்கிவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கண்டியில் பின்னேரமானால் இடியோடு மழை. நேற்றைய மண் காய முதல் இன்றைய மண் வந்து சேரும். பைக்கைக் கழுவுகிற நாங்கள் எல்லாரும் வெளிப்பக்கத்தைத்தானே துடைக்கிறோம்.

சரி, மாத்தத்தான் வேணும். எதை மாத்துறது?

நண்பனுக்கு ஆசை 'பொபர்' மாதிரி. பின் மட்காட்டைப் பாதியாக வெட்டி, சீட்டைப் பதித்து, லைட்டைச் சின்னதாக்கிவிடுவது. படத்தில் பார்த்தால் எங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது. இந்த வெட்டு எங்கேயிருந்து வந்தது என்று தேடினோம். வால் வெட்டிய குதிரை, நாய்களைச் சொல்கிற ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர். அமெரிக்காவில் 1940களில் இளைஞர்கள் கனமான பைக்குகளின் பாரத்தைக் குறைக்க மட்காட்டை வெட்டினார்கள். அவர்கள் ரேஸ் ஓடின இடங்களில் கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளும் உண்டு. காய்ந்த ஏரி! நாங்கள் ஓடுவது பேராதனையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள்ளால ஏறிப் போகிற கலஹா ரோட்டில். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இருக்கிற மலைப்பக்கம். அந்தப் பக்கம் எது காய்ந்து கிடக்கு?

பென்லியின் மட்காட் ஆழமாக, பாட்டியின் முக்காடு மாதிரி இருக்கும். அழகில்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதே ஹொண்டா 1958இல் சூப்பர் கப் விட்டபோது ஜப்பானிலும் அநேக ரோடுகளுக்குத் தார் கிடையாது. அதனால்தான் அதற்கு அவ்வளவு பெரிய மட்காட், காலை மறைக்கிற மறைப்பு எல்லாம். அந்தக் காலத்திலேயே அதில் பிளாஸ்டிக்கும் பாவித்தார்கள், துருப்பிடிக்காது என்பதும் ஒரு வசதி.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனோம். அவர் வெட்டுகிறதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முன் சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலைத் திருகிப் பார்க்கச் சொன்னார். பிறகு முன் மட்காட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு மறுபடி திருகச் சொன்னார். இரண்டு போர்க் கால்களும் தனித்தனியாக அசைவது கைக்குத் தெரிந்தது. "இது சேத்துக்கு மட்டும் போட்டதில்ல தம்பிமாரே. ரெண்டு காலையும் சேத்துக் கட்டி வச்சிரிக்கி. இதக் கழட்டி எறிஞ்சிட்டு வளவில எறங்கினா வண்டி நெளியும்." பின் மட்காட்டுக்கு வந்தார். டெயில் லைட், நம்பர் பிளேட், சிக்னல் எல்லாம் அதிலேதான் தொங்குகின்றன. லைட்டுக்கு ஏர்த் போவதும் அந்தத் தகரத்தின் வழியாகத்தான். பைபர் மட்காட் போட்டால் தனியாக ஏர்த் வயர் ஒன்று இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் பிரேக் லைட் மங்கும், இல்லாவிட்டால் எரியவே எரியாது. கடுகண்ணாவை இறக்கத்தில் பின்னால் லொறி வருகிறபோது அது எரியாத பைக்கில் இருந்து பாருங்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். தோட்டத்து மண் ரோடுகளில் ஓடுகிற சிலர் முன் மட்காட்டை உயர்த்திப் பூட்டுகிறார்கள். அது ஸ்டைலுக்காக மட்டும் இல்லை. செம்மண் சேறு ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் அடைந்தால் சக்கரமே சுத்தாமல் நின்றுவிடும். ஸ்கிராம்ப்ளர் பைக்குகளில் மட்காட் உயரத்தில் இருக்கிறதுக்குக் காரணமும் இதுதான். தினமும் தோட்டத்துக்குள் ஓடுகிறவர் உயர்த்தட்டும். எங்கள் ஓட்டம் முக்கால்வாசி தார் ரோட்டில்.

பழைய மட்காட் ஒன்று கிடைக்குமா என்று கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போன் அடித்தோம். ஒரு இடத்தில் இருந்தது. விலையைக் கேட்டதும் நன்றி சொல்லி வைத்துவிட்டோம். பைபர் வாங்கலாம். ஆனால் 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் பஸ், ஆட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டியதையெல்லாம் கழற்றவைத்த பிறகு, வண்டியின் உருவத்தை மாற்ற வீட்டில் அப்பாவுக்கு மனமே இல்லை. பெயர் அவருடைய புத்தகத்தில்.

உண்மையில் முடிவெடுத்தது அக்கா. கலஹாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறா. பஸ் தவறுகிற நாட்களில் எங்களில் ஒருவன்தான் கொண்டுபோய் விடுவது. சேலையோடு பின்னால் இருப்பா. பின் மட்காட்டை வெட்டினால் தண்ணீர் போகிற வழி சீட்டுக்குப் பின்பக்கம் நேராக மேலே. "முதுகில கோடு போட்டுக்கிட்டு நான் வகுப்புக்குள்ள போறதா? பிள்ளைங்க எல்லாம் வெள்ளை உடுப்போட ரோட்டோரமா நடந்து வருதுங்க. அதுங்களுக்கு மாத்திப் போட இன்னொண்ணு இருக்கா?" என்றா. நண்பன் அதற்குப் பிறகு பொபர் படத்தை அனுப்பவில்லை.

கடைசியில் துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே வளைவுக்குத் தகடு தட்டி, வெல்டிங் வைத்தோம். நானா மரச் சுத்தியலால் தட்டின அரை மணித்தியாலம் பார்க்கவேண்டிய ஒன்று. ரயரில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், இரண்டு தட்டு, திரும்ப வைப்பார். உள்பக்கம் துரு தடுக்கிற பெயின்ட் இரண்டு பூச்சு, வெளியில் ஒன்று. இரண்டு பேரை ஏற்றி சீட்டை அமுக்கி, ரயர் உரசுதா என்று குனிந்து பார்த்தார். இரண்டு விரல் இடைவெளி. போதும். வேறு வண்டியின் மட்காட்டைப் பூட்டுகிறவர்கள் இந்தச் சோதனையை மட்டும் விடவேண்டாம். நிற்கிறபோது சரியாக இருக்கும், குழியில் விழுகிறபோதுதான் உரசும்.

முன் மட்காட்டின் கீழ் நுனியில், பழைய லொறி ரியூபிலிருந்து வெட்டிய ரப்பர் ஒன்றையும் சேர்த்துப் பூட்டினோம். ஆக, வெட்டக் கொண்டுபோன வண்டி ஆறு அங்குலம் நீண்டு வந்தது. எஞ்சினில் மண் படிகிறது கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது. அக்காவின் அடுத்த முறைப்பாடு சீட்டைப் பற்றி.