எந்தக் கரைக்கு எந்த மாதம்?

இலங்கைக்குச் சென்றுவர ஏற்ற காலம் எது என்று பங்குக் குடும்பங்கள் நம்மிடம் கேட்பதுண்டு. மடு அன்னையின் திருத்தலத்தை ஒருமுறையேனும் காண வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்த குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை என்று சட்டென விடை சொல்லிவிடுவோர் பலர். அவ்விடை பாதி உண்மை. அதை முழுவதும் நம்பி டிசம்பரில் மட்டக்களப்புக் கடற்கரைக்குச் செல்பவர் குடையும் கையுமாய் அறைக்குள் அடைந்து கிடக்க நேரிடும். அதே நாளில் காலியின் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்!

தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிப் பரப்பே உடையது அந்தத் தீவு. வடக்கிலிருந்து தெற்குவரை சுமார் 430 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் 225 கிலோமீட்டர். இச்சிறு நிலத்தில் ஒரே நாளில் இரண்டு பருவங்கள் நிலவுவது எவ்வாறு? தீவின் நடுவே 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலைநாடே அதற்குக் காரணம். நம் மேற்குத் தொடர்ச்சி மலை செய்யும் வேலையை அங்கே அம்மலைகள் செய்கின்றன. ஆனி, ஆடியில் கேரளம் நனையும்போது நெல்லைச் சீமையின் கீழ்ப்பகுதி காய்ந்து கிடப்பதை நாம் அறிவோம் அல்லவா? அதே கதைதான் அங்கும்.

மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. கொழும்பும் காலியும் இரத்தினபுரியும் மலையின் மேற்குச் சரிவும் மழையில் குளிக்கின்றன. அச்சரிவின் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலையில் நீரை இறக்கிவைத்துவிட்ட காற்று, கிழக்கே இறங்கும்போது வெறும் உலர்காற்றாகிறது. மட்டக்களப்பு மக்கள் அதனைக் கச்சான் என்பர். யாழ்ப்பாணத்தார் தங்கள் ஊரில் வீசும் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று திசை மாறுகிறது. அப்போது வாடைக்காற்று யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் மழை கொணர, தென்மேற்குக் கரை தெளிந்து விளங்குகிறது. இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்களில் தீவு முழுவதுமே மழைக்கு உரியது. வங்கக் கடலின் புயல்களுக்கும் உரியது.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் இந்த வேறுபாடு அரசுகளின் தலைவிதியையே தீர்மானித்தது. வடகிழக்குப் பருவக்காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறைமுகம் இல்லை. 1746 அக்டோபரில் சென்னையை அப்போதுதான் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. ஆங்கிலேயக் கப்பல்களோ பருவம் நெருங்கியதும் பம்பாய்வரை ஓடி ஒதுங்க வேண்டியிருந்தது. எனவேதான் மலைகளின் அணைப்பில் அமைந்த திருகோணமலைத் துறைமுகத்துக்கு அத்தனை போட்டி! 1782-ஆம் ஆண்டு சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பறித்த ஆங்கிலேயர், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தனர். கடலோடிகள் முதலில் பருவத்தையும், அதற்குப் பின்னரே கரையையும் எண்ணினர். பயணம் செல்லும் குடும்பமும் அவ்வாறே எண்ண வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு விடுமுறை கிடைக்கும் மாதங்களை வைத்தே இதனைப் பார்ப்போம்.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் செல்வோர் நீர்கொழும்பு, கொழும்பு, காலி, மாத்தறை என்னும் மேற்கு, தெற்குக் கரைகளைத் தெரிந்துகொள்வது நலம். சிவனொளிபாத மலை ஏறும் காலமும் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமியோடு முடிகிறது. பல சமயத்தாரும் ஏறும் 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையில், மற்ற மாதங்களில் மழையும் காற்றும் மிகுதி.

கோடை விடுமுறையில் செல்வோர்க்கு ஏப்ரல் ஏற்றது. வெப்பம் மிகுதிதான், பிற்பகலில் இடியுடன் மழை பெய்வதும் உண்டு. ஆயினும் கிழக்கே நிலாவெளி, பாசிக்குடா கடல்கள் அமைதியடையும் காலம் அது. மலைநாடு காண விரும்புவோர் மே மாத நடுப்பகுதிக்கு முன்னரே கீழிறங்கிவிடுதல் விவேகம். 2003, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மே மாதத்தில்தான் வெள்ளமும் மண்சரிவும் பேரழிவை உண்டாக்கின.

மடுத் திருத்தலத்தின் பெருவிழாக்களோ சூலை 2-ஆம் நாளும் ஆகஸ்டு 15-ஆம் நாளும் நிகழ்கின்றன. இரண்டும் வடபகுதியின் வறண்ட காலத்தில் அமைந்திருப்பதால்தான், பல்லாயிரம் குடும்பங்கள் காட்டு மரங்களின் கீழ்க் கூடாரமிட்டு நாட்கணக்கில் தங்க முடிகிறது. வெயிலையும் புழுதியையும் தாங்க வேண்டும். குடிநீரைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் இதனை மறவாதிருப்பாராக.

கடல்வழி செல்ல விரும்புவோர்க்கு ஒரு சொல். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல், வடகிழக்குப் பருவம் நெருங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. கப்பலை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்தல் வேண்டா.

இவ்வளவும் பயணியின் கணக்கு. அங்கே வாழ்வோரின் கணக்கு வேறு. ஆகஸ்டு மாதமொன்றில் நாம் வவுனியாவைக் கடந்து மடுவுக்குச் சென்றோம். வழிநெடுக வானம் நிர்மலமாக இருந்தது. குளங்களோ அடி தெரிய வற்றிக் கிடந்தன. தேநீர்க் கடையில் அருகே அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவரிடம், "நல்ல காலத்தில் வந்திருக்கிறோம்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நல்ல காலந்தான், சுவாமி. எங்களுக்கு நல்ல காலம் ஐப்பசியிலதான் பிறக்கும்" என்றார்.

எவ்வளவு உண்மை! அப்பகுதியின் பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே விதைக்கப்பட்டு, மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. சுற்றுலாப் பயணி 'கெட்ட காலம்' என்று ஒதுக்கும் மாதங்களே குளங்களை நிரப்பி, தீவின் சோற்றுப்பானையை நிரப்புகின்றன. அதே மழை அளவு மீறினால் உயிரையும் வாங்குகிறது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை அவ்வூர்ப் பெரியோர் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலில் மலைநாட்டின் மண்சரிவுகளிலும் வெள்ளத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நமக்குப் பயணம் தள்ளிப்போவதே நட்டம்; அவர்களுக்கோ அது வாழ்வும் சாவும்.

ஆகவே, வாசக அன்பர்களே, பயணச்சீட்டு வாங்குமுன் வீட்டில் அனைவரும் அமர்ந்து முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள். அதன்பின் மாதத்தைக் குறியுங்கள். அத்தனை கவனத்துக்குப் பின்னும் வழியில் மழை பிடித்துக்கொண்டால் முகம் சுளிக்க வேண்டா. அந்த மழைக்காக எத்தனை மாதங்களாக எத்தனை கண்கள் வானத்தை நோக்கியிருந்தனவோ! அவர்களோடு சேர்ந்து நன்றி கூறிவிட்டு, அருகிலுள்ள வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி நில்லுங்கள்.