அந்தத் தாய் கேட்காத கேள்வி

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் ஒரு மலையாளக் கூட்டம். நாடகக்காரர்கள், குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பஸ் கிளம்பியதும் ஆளாளுக்குக் கண் அசந்துவிடுகிறார்கள். அதில் ஜேம்ஸ் என்பவர் விழித்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். சோளக்காட்டுக்குள் நடந்து, முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் கிராமத்தில், ஒரு வீட்டுக்குள் தன் வீடு மாதிரி நுழைகிறார். கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். அதற்கு முன் தமிழ்ச் சாப்பாட்டையும் தமிழ்ப் பாட்டையும் குறை சொன்ன மனிதர், இப்போது அந்த ஊர்க்காரராகவே தமிழ் பேசுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன அந்த வீட்டு சுந்தரமாக ஆகிவிட்டார். மறுநாள் மதியம் தூங்கி எழும் வரைக்கும்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தின் கதை இது. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். அடுத்த மாதம் தியேட்டருக்கு வந்தது. 2022-க்கான கேரள அரசு விருதுகளில் சிறந்த படம் இதுதான், சிறந்த நடிகர் மம்முட்டி. படம்பிடித்தவர் நம் தேனி ஈஸ்வர். கேமராவைப் பெரும்பாலும் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் கிழவனைப் போலப் பொறுமையாகப் பார்க்க வைக்கிறார். எனக்குப் பழகிய பார்வை என்பதால் அலுக்கவில்லை.

வீட்டில் இளவட்டங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. படம் முடிந்த கையோடு தீர்ப்பு சொல்ல உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் ஆவி புகுந்தது என்றான். ஒருத்தி, ஆரம்பத்தில் லாட்ஜில் வரும் திருக்குறளைப் பிடித்துக்கொண்டாள். சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடும் நிலையாமைக் குறள் அது. எனவே மறுபிறவி என்பது அவள் கட்சி. எல்லாமே பஸ்ஸில் கண்ட கனவு என்றான் இன்னொருவன். நாடகக்குழு என்பதால் எல்லாமே நடிப்பு என்றும் ஒரு வாதம். படத்துக்கு விதை ஒரு பிளைவுட் விளம்பரம் என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் போகும் ஒரு சர்தார் பையன் திடீரென்று இறங்கி, ஒரு தமிழ்ப் பாட்டியின் வீட்டுக்குள் போய்த் தமிழ் பேசும் விளம்பரம். அதைச் சொன்னதும் மறுபிறவிக் கட்சிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்த விளக்கங்களில் எதை வைத்துப் பார்த்தாலும் முக்கால்வாசிப் படம் அடங்கிவிடுகிறது, கால்வாசி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அப்படித் துருத்த வேண்டும் என்றே எடுத்திருக்கிறார்கள்.

என் மனசு நின்றது சுந்தரத்தின் தாயிடம். கண் தெரியாதவர். எந்நேரமும் டிவி முன்னால். பழைய படங்களின் வசனமும் பாட்டும் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊரே கூடி நின்று "யாருய்யா நீ?" என்று கேட்கும்போது, அந்த அம்மா மட்டும் கேட்கவில்லை. பிள்ளை வந்திருக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அதைப் பார்த்தபோது எங்கள் தெருவில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு வயதான அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. மகனைத் தன் தம்பி என்று நினைத்து, "எப்பப்பா வந்தே, சாப்பிட்டியா?" என்பார். "மாமா செத்துப் போய் எத்தனையோ வருஷமாச்சும்மா" என்று மகன் திருத்துவான். அவன் திருத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவுக்கு அது புதுச் சாவு. மாரில் அடித்துக்கொண்டு அழுவார். மகன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த உண்மையால் யாருக்கு என்ன லாபம்? கொஞ்ச நாளில் அவனே, "இப்பத்தான்க்கா வந்தேன், நீ போடு, சாப்பிடறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டான். தட்டில் சோறு விழும். இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். எது நிஜம் என்று அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் வழக்காடியதில்லை.

ஆனால் எல்லோராலும் இப்படி இருந்துவிட முடியாது, இருக்கவும் கூடாது. சுந்தரத்தின் மனைவி பூங்குழலியை எடுத்துக்கொள்ளுங்கள். ரம்யா பாண்டியன் அதிகம் பேசாமலே செய்திருக்கும் வேடம். வந்திருப்பவர் அசைவெல்லாம் புருஷனுடையது, முகம் வேறு யாருடையதோ. தாய் நம்பிவிடலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மனைவி நம்பினால் அவள் கதி என்ன? அவள் தள்ளி நிற்கிறாள், அழுகிறாள், ஆளை வெளியே பிடித்துத் தள்ளவும் மாட்டேன் என்கிறாள். இரக்கத்தோடு தள்ளி நிற்பது, கூடச் சேர்ந்து நம்புவதைவிடக் கஷ்டமான காரியம்.

இன்னொருத்தியை எங்கள் வீட்டு வாதத்தில் யாருமே நினைக்கவில்லை. ஜேம்ஸின் மனைவி சாலி. கட்டின புருஷன் இன்னொரு வீட்டை என் வீடு என்கிறான். பக்கத்தில் நிற்கும் மகனுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? மறுநாள் அவர் பழைய ஜேம்ஸாகப் பஸ் ஏறிவிடுகிறார், கதை தீர்ந்தது என்று நாம் எழுந்துவிடுகிறோம். அவள்தான் அவரோடு ஊருக்குப் போய்க் குடித்தனம் நடத்த வேண்டும். இயக்குநர் எதிரே வந்தால் ஆவியா கனவா என்று நான் கேட்க மாட்டேன். இனிமேல் ஏதோ ஒரு மதியம் ஜேம்ஸ் கண் அசந்தால், சாலி பதறி எழுப்புவாளா, தூங்கட்டும் என்று விட்டுவிடுவாளா, அதைத்தான் கேட்பேன்.