மீசாலை மாமரத்தடி வகுப்பு

1995 ஒக்டோபர் 30 பின்னேரம், வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லூரிலிருந்து செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்குப் போய்ச் சேர விடிந்துவிட்டது. இலட்சக்கணக்கான சனம், ஒடுங்கிய தெரு, விடாத மழை. தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்தோம். அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது, அதற்குப் பிந்திய மாதங்களில் என்னை ஆளாக்கிய தோழியைப் பற்றி.

தென்மராட்சியிலுள்ள மீசாலையில் ஒரே வளவில் பல குடும்பங்கள் ஒதுங்கினோம். பள்ளிக்கூடங்களில் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்கள் நிறைந்திருந்ததால் பிள்ளைகளுக்குப் படிப்பில்லை. அவள் ஒரு பழைய கதவில் சிரட்டைக்கரியும் கோவை இலையும் அரைத்துப் பூசி, மாமரத்தில் சாத்தினாள்.

"நீ கணக்குப் படிப்பி."

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. சாதாரணதரத்தோடு நின்றவள். "எனக்கு ஏலாதடி" என்றேன்.

"நாளைக்குக் காலமை ரீச்சர் வருவா எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன்."

தைரியம் சொல்லவில்லை, புகழவும் இல்லை. காலையில் பிள்ளைகள் சாக்கு விரித்து இருந்தார்கள். பின்வரிசையில் அவளும் கொப்பியோடு இருந்தாள். நான் தடுமாறினால் கையை உயர்த்தி, "ரீச்சர், இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்பாள். கிணற்றடியிலும், என் அம்மாவுக்கு முன்னாலும் அவள் என்னை ரீச்சர் என்றே கூப்பிட்டாள்.

எனக்கு மட்டுமல்ல. கடையை இழந்து பேச்சற்றுப் போயிருந்த ஒரு ஐயாவிடம் நிவாரண அரிசியைப் பங்கிடும் பொறுப்பைக் கொடுத்தாள். அவர் அளந்ததை ஒருநாளும் திருப்பி நிறுத்துப் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் அவர் மற்றவர்களோடு கதைக்கத் தொடங்கினார்.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்கும் வந்தது. நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பினோம். அவள் கிளாலிக் கடலேரியால் வன்னிக்குப் போனாள். "வகுப்பை விட்டிடாதை ரீச்சர்" என்பதுதான் அவள் என்னோடு கதைத்த கடைசிக் கதை. 2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணை பட்டு இறந்துபோனாள். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் உயர்தரம் எழுதி, ஆசிரியப் பயிற்சி முடித்து, இன்றும் கணிதம் படிப்பிக்கிறேன். என்னிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. அந்த மாமரத்தடியில் படித்தவர்களோ, வன்னியில் அவளோடு இருந்தவர்களோ இதை வாசித்தால், ஒரு படம் இருந்தால் பிரதி எடுத்துத் தாருங்கள்.