கரும்புள்ளி மறையும் வரை

காலை ஏழு மணிக்கு பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலைய வாசலில் அண்ணன் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மொண்டெல்லோவில் ஒரு வீட்டைப் பராமரிக்கிறார். பையில் சின்னதாய் ஒரு சோதனைப் பெட்டி. "வீட்டுக்காரர் நீச்சல் குளத்தை முழுக்க இறைச்சுவிடச் சொல்லிப்போட்டார் தம்பி. அதுக்கு முன்னம் தண்ணியை ஒருக்கால் சோதிச்சுப் பாப்பம்" என்றார்.

1886இல் திறந்த அந்த நிலையத்திலிருந்து பல்லரோ சந்தை நடைதூரம்தான். தமிழர்கள் அதிகம் புழங்கும் அந்தத் தெருக்களில் அண்ணாந்தால் மாடிக்கு மாடி தண்ணீர்த் தொட்டிகள். 2024 வறட்சியில் இந்த நகரத்துக்கு முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு குளத்தை இறைப்பது பெரிய காரியம்.

பேருந்து மாறி, நம்மவர்கள் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட ஏறும் மொந்தே பெல்லெக்ரினோ மலையின் அடிவாரம் வழியே போனோம். குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். 48,000 லிட்டர். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் மூலைச் சுவரில் பச்சை வழுக்கல்.

அண்ணன் முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டுத் தண்ணீர் மொண்டார். "மேல்தண்ணி வெயில் குடிச்ச தண்ணி. அது சரியான கதை சொல்லாது."

விரல் படாமல் முதல் மாத்திரையைக் குழாயில் போட்டுக் கரைத்தார். ரோஜா நிறம்: குளோரின் லிட்டருக்கு 2 மில்லிகிராம். அதிலேயே இன்னொரு மாத்திரை; நிறம் கூடவில்லை. கூடியிருந்தால் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். மூக்கை அரிக்கும் நெடி அதனுடையதுதான். குளோரின் மிகுந்துவிட்டதன் அடையாளம் அல்ல. அடுத்த குழாயில் பினால் ரெட் காட்டிய பி.எச். 7.4. 7.2க்கும் 7.6க்கும் நடுவே, சரியாக.

எல்லாம் சரியென்றால் பாசி ஏன்?

விடை கடைசிச் சோதனையில் இருந்தது. மருந்து கலந்து பால்போல் கலங்கிய நீரை, அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் ஊற்றினார். புள்ளி சீக்கிரமே மறைந்தது. சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 80 மில்லிகிராம். 30 முதல் 50 வரை போதும்.

வெயில் குளோரினைத் தின்னாமல் காப்பது இந்த அமிலம்தான். மிஞ்சினால் அதுவே குளோரினின் கையைக் கட்டிவிடும். அமிலத்தில் 7.5 சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது குளம் பராமரிப்பவர்கள் பலர் கைக்கொள்ளும் கணக்கு. 80க்கு 6 வேண்டும். இங்கே இருப்பதோ 2. எண்களைத் தனித்தனியே படித்தால் ஏமாந்துபோவோம் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

"குளோரின் குளிசையிலயே இந்த அமிலம் கிடக்கு" என்றார் அண்ணன். மிதவையில் போடும் 200 கிராம் ட்ரைகுளோர் மாத்திரை ஒன்று கரைந்தால் இந்தக் குளத்தில் அமிலம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஏறும். வாரம் இரண்டு வீதம் போட்டால் நாலே மாதத்தில் 80. குளோரின் செலவாகிவிடும், அமிலம் தங்கிவிடும். அதைக் குறைக்கப் புதுத் தண்ணீர் சேர்ப்பதே எளிய வழி.

ஆனால் முழுக் குளத்தையும் இறைக்கத் தேவையில்லை. கால்வாசியை மாற்றினால் அமிலம் 60 ஆகும். குளோரின் நாலரை போதும். இனி மாத்திரைக்குப் பதில் அமிலம் சேராத திரவக் குளோரின். பாசியைத் தேய்த்துக் கழுவினால் போகும். மீதியை மாரிமழை பார்த்துக்கொள்ளும். அண்ணன் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து இத்தாலிய மொழியில் பொறுமையாக விளக்கினார். அவர் சம்மதித்தார்.

நீர்மட்டத்திலிருந்து 38 சென்டிமீட்டர் கீழே ஓட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் அண்ணன் பம்பை நிறுத்தினார். வடியவிருந்த 36,000 லிட்டர் குளத்திலேயே நின்றது.