கனகபுரா சாலையில் ஒரு கதாநாயகி

பெங்களூரு கனகபுரா சாலையில் தாதகுணி எஸ்டேட்டைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலில் வாங்கியவர் வாழ்ந்த இடம் அது என்று?

தேவிகா ராணி. 1908இல் வால்டேரில் பிறந்து, லண்டனில் படித்தவர். கணவர் ஹிமான்ஷு ராயுடன் ஜெர்மனிக்குப் போய் அங்கே சினிமாத் தொழிலைக் கற்றார். 1933இல் லண்டனில் வெளியான 'கர்மா'வில் இருவரும் ஜோடி. ஊரெல்லாம் இன்றும் பேசுவது அதிலுள்ள முத்தக் காட்சியைத்தான். நான்கு நிமிடமாம்! படத்தைப் பார்க்காதவர்கள் நீட்டிவிட்ட கணக்கு அது.

1934இல் இருவரும் பாம்பே டாக்கீஸைத் தொடங்கினார்கள். அடுத்த இரண்டே வருடத்தில் 'அச்சுத் கன்யா'. லண்டன் பாணியில் வளர்ந்தவர், ரயில்வே கேட் காவலரின் தலித் மகள் கஸ்தூரியாக நடித்தார். இயக்கியவர் பிரான்ஸ் ஆஸ்டன் என்கிற ஜெர்மானியர். கதாநாயகன் அசோக் குமாரோ, அதே ஸ்டுடியோவின் லேபில் வேலை பார்த்தவர். 1940இல் ராய் இறந்ததும் ஸ்டுடியோவையே தேவிகா ராணி நடத்தினார். யூசுப் கானைத் திலீப் குமார் ஆக்கியதும் அவர்தான். நடிப்பை விட இந்த நிர்வாகத் துணிச்சல்தான் பெரிது என்று தோன்றுகிறது.

1945இல் சினிமாவை விட்டு, ரஷ்ய ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கை மணந்தார். பிறகு பெங்களூரு வாசம். வாசனை எண்ணெய் தரும் லினாலோ மரத் தோட்டம். ரோரிக் 1993இல், தேவிகா ராணி 1994இல் காலமானார்கள். வாரிசு இல்லை. எஸ்டேட்டுக்காக நடந்த வழக்கில், கர்நாடக அரசு அதைக் கையகப்படுத்தியது செல்லும் என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.