இரண்டே கேள்விகள்

பிறரைப் பேட்டி காண்பது என் தொழில். போன மாதம் நானே பேட்டிக்குப் போய் உட்கார்ந்தேன்! மளமளவென்று வளரும் புதுக் கம்பெனி. வியாபாரம் பிடித்துத் தரும் உத்தியோகம். வீட்டு வாடகை ஏறினால் ஆசை வராதா?

"சம்பளம் குறைவுதான்; ஆனால் கம்பெனிப் பங்குகள் வாங்கும் உரிமை தருவோம்" என்றார் இளைஞர்.

"எப்போது கைக்கு வரும்?"

"4 வருஷத்தில், சிறுகச் சிறுக. முதல் வருஷம் முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாது. எங்கும் இதுதானே வழக்கம்!"

"கம்பெனியின் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?"

மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். "5 மாதம்... அதற்குள் முதலீடு வந்துவிடும்."

12 மாதக் காத்திருப்பு; 5 மாதப் பணம்! வணக்கம் சொல்லி எழுந்துவிட்டேன்.

உங்கள் பெண் இப்படிப் புறப்பட்டால், இவ்விரண்டு கேள்விகளையும் காதில் போட்டு அனுப்புங்கள்.